‘நேற்று’க்கு இடம் தராத வினை

1970 ஏப்ரல் 13, ஹூஸ்டன் நகரில் இரவு மணி 9.08. பூமியிலிருந்து ஏறத்தாழ 3,20,000 கிலோமீட்டர் தொலைவில் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13 விண்கலத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு குரல் வந்தது. ‘வீ’வ் ஹேட் எ ப்ராப்ளம் ஹியர்’ என்றார் ஜாக் ஸ்விகெர்ட். மறுபடி சொல்லுங்கள் என்று ஹூஸ்டன் கேட்டதும், பயணத் தலைவர் ஜிம் லவல் அதே வினையைத் திருப்பிச் சொன்னார்: ‘ஹூஸ்டன், வீ’வ் ஹேட் எ ப்ராப்ளம்.’ ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்திருந்தது. அந்த நிமிடத்தில் அது அவர்களுக்குத் தெரியாது. மின்தடம் ஒன்றில் மின்னழுத்தம் குறைந்ததாக எச்சரிக்கை விளக்கு காட்டியது, அவ்வளவுதான்.

அரை நிமிடம் கழித்து மூன்றாமவரான ஃப்ரெட் ஹெய்ஸ் விவரம் சேர்த்தார். மின்னழுத்தம் இப்போது சரியாகத்தான் தெரிகிறது என்றார். எச்சரிக்கை வந்தபோது பெரிய சத்தம் ஒன்று கேட்டது என்றார். இங்கே அவர் வாயில் வந்தது ‘வீ ஹேட்’. அதே மின்தடத்தில் முன்பும் ஒருமுறை மின்னோட்டம் எகிறியிருந்ததாக நினைவு என்றார். இங்கே ‘ஹேட் ஹேட்’.

உயிர் ஊசலாடும் நேரத்தில் யாரும் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. ஆனாலும் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் ‘ஹேவ்’ என்ற ஒரே வினை மூன்று உருவில் வந்து, மூன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. விளக்கு அணைந்து மின்னழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிட்டபோதும், நடந்ததன் பாரம் கலத்துக்குள் இருந்தது. அதனால் ‘வீ’வ் ஹேட்’. சத்தமோ எச்சரிக்கை வந்த அந்த ஒரு நொடியோடு கட்டப்பட்டது. அதனால் ‘வீ ஹேட்’. முதல் உருவைப் பள்ளிக்கூடம் ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ என்கிறது. இரண்டாவதை ‘சிம்பிள் பாஸ்ட்’ என்கிறது. ஆங்கிலம் கற்கும் உலகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறாதவர்கள் குறைவு.

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் இதற்குச் சுருக்கமான விடை ஒன்று உண்டு. ‘சற்று முன்பு முடிந்த செயல்’ என்றால் பிரசென்ட் பெர்ஃபெக்ட். எப்போதோ முடிந்தது என்றால் சிம்பிள் பாஸ்ட். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மனப்பாடமான விடை. இதைச் சோதிக்க இரண்டு வாக்கியம் போதும். மூன்று நிமிடத்துக்கு முன் காபி குடித்தவர் ‘ஐ ட்ராங்க் காபி த்ரீ மினிட்ஸ் அகோ’ என்றுதான் சொல்ல வேண்டும். இதைவிடச் சற்று முன்பு எது? ஆனாலும் ‘ஹேவ்’ அங்கே நுழைய முடியாது. மறுபக்கம், மனிதன் நிலவில் நடந்தது 1969க்கும் 1972க்கும் இடையில். அரை நூற்றாண்டு தாண்டிய செய்தி. ஆனால் ‘ட்வெல்வ் மென் ஹேவ் வாக்ட் ஆன் த மூன்’ என்பது குற்றமில்லாத ஆங்கிலம். பன்னிரண்டு என்ற அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது, நாளை பதின்மூன்றாகலாம்.

ஆக, கடிகாரம் இதில் நீதிபதி இல்லை.

அப்படியானால் எது? இதற்குத் தெளிவான ஒரு விடையைத் தந்தவர் மொழியியலாளர்கூட அல்லர். ஹான்ஸ் ரைகன்பாக் என்ற தத்துவவாதி. ஜெர்மனியில் பிறந்து, 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வேலையிழந்து இஸ்தான்புல்லுக்கும், பிறகு கலிஃபோர்னியாவுக்கும் போனவர். குறியீட்டுத் தர்க்கம் பற்றி 1947இல் வெளிவந்த அவருடைய நூலில் வினைக்காலத்துக்கு ஒதுக்கிய பக்கங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இன்றுவரை பாடமாக இருக்கிறது. பேசும் நேரம், நிகழ்ந்த நேரம் என்று இரண்டு புள்ளி மட்டும் வைத்தால் கணக்கு தீராது என்றார் அவர். மூன்றாவதாக ஒன்று வேண்டும்: பேசுபவர் எந்த நேரத்தில் நின்றுகொண்டு அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார் என்பது. சிம்பிள் பாஸ்டில் பார்வை நிகழ்ச்சி நடந்த இடத்துக்கே போய்விடுகிறது. பிரசென்ட் பெர்ஃபெக்டில் நிகழ்ச்சி பின்னால் கிடக்க, பார்வை ‘இப்போது’ என்ற இடத்தைவிட்டு அசைவதில்லை.

தமிழ் இலக்கணத்துக்கு இது புதிதாகப் படாது. ‘சாப்பிட வா’ என்று அடுக்களையிலிருந்து கூப்பிட்டால், எழுந்திருக்கக்கூடத் தொடங்காதவர் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறார். வராத ஒன்றை வந்ததாகச் சொல்லும் இந்த வழக்கைத் தொல்காப்பியம் கவனித்திருக்கிறது; விரைவைக் காட்ட எதிர்கால வினையை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று இடம் தந்திருக்கிறது. காலம் மூன்று என்று வகுத்த அதே நூல், பேசுபவரின் நோக்கம் அந்த மூன்றையும் புரட்டிப் போடும் என்பதையும் ஏற்றுக்கொண்டது.

‘இப்போது’ நிற்கும் இடம் என்பதைப் பிடித்துக்கொண்டால் பல சிக்கல்கள் தாமாக அவிழும். சென்னைப் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும் ஜனவரி நாள் ஒன்றில் நண்பரிடம் ‘ஹேவ் யூ பீன் டு த புக் ஃபேர்?’ என்று கேட்கலாம். பந்தலைப் பிரித்த பிறகு அந்தக் கேள்வி ‘டிட் யூ கோ?’ ஆகிவிடும். காலை பதினொரு மணிக்கு ‘ஐ’வ் ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’ சரி. மாலை நான்கு மணிக்கு அதே காலைப்பொழுது மூடிவிட்டது, ‘ஐ ஹேட்’ என்றுதான் வரும். குடித்த காபி மாறவில்லை, குடித்த நேரமும் மாறவில்லை.

வேலைக்கான நேர்காணலில் இந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு. ஒரு நிறுவனத்தில் ஐந்து ஆண்டாக இருப்பவர் ‘ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொன்னால், எதிரே இருப்பவர் காதில் விழுவது ‘இப்போது அங்கே இல்லை’ என்பது. ‘ஐ ஹேவ் ஒர்க்ட்’ என்றால் இன்னும் அங்கேதான். தமிழில் இந்த வேலையைச் செய்வது ஒரே ஒரு சின்ன உருபும் வினையின் காலமும்: ‘அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன்’, ‘அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்’.

அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் மெக்காலி 1971இல் இந்த வினையின் பயன்பாடுகளை நான்காகப் பிரித்தார். தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. வாழ்நாளில் ஒருமுறையாவது நடந்தது என்ற அனுபவக் கணக்கு இரண்டு. விளைவு கையில் நிற்பது மூன்று. ‘சூடான செய்தி’ நான்கு. இந்த நான்காவதை ஆங்கிலச் செய்தி வாசிப்பில் நாள்தோறும் கேட்கலாம். பெரிய மனிதர் ஒருவர் இறந்த செய்தியின் முதல் வாக்கியம் ‘ஹேஸ் டைட்’ என்று வரும். இரண்டாம் வாக்கியத்திலிருந்து எப்போது, எங்கே, எப்படி என்ற விவரமெல்லாம் ‘டைட்’, ‘வாஸ்’ என்று சிம்பிள் பாஸ்டுக்கு இறங்கிவிடும். உரையாடலும் இப்படித்தான். ‘யாழ்ப்பாணம் போயிருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஐ ஹேவ்’ என்று தொடங்கும் பதில், ‘2019இல் போனேன், நல்லூரில் தங்கினேன்’ என்று குறிப்பிட்ட ஒரு பயணத்துக்குள் நுழைந்ததும் ‘வென்ட்’, ‘ஸ்டேய்ட்’ ஆகிறது.

எல்லாம் சரி, ‘யெஸ்டர்டே’ மட்டும் ஏன் இந்த வினையோடு ஒட்டுவதில்லை? நேற்று நடந்ததன் விளைவு இன்றும் இருக்கலாமே? ஜெர்மன் மொழியியலாளர் வுல்ஃப்காங் க்ளைன் 1992இல் இதை ஒரு புதிர் என்றே பெயரிட்டு ஆராய்ந்தார். அவருடைய விடையை எளிமைப்படுத்தினால் இப்படி வரும்: பிரசென்ட் பெர்ஃபெக்டில் ‘இப்போது’ என்ற புள்ளி ஏற்கெனவே ஆணி அடித்து நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சிக்கும் ‘நேற்று ஆறு மணிக்கு’ என்று இன்னோர் ஆணி அடித்தால் ஆங்கிலம் தாங்காது. ஒரு வாக்கியத்துக்கு ஓர் ஆணிதான். ‘சின்ஸ் மண்டே’ தாங்கும், ஏனென்றால் அது திங்களில் தொடங்கி இப்போதுவரை நீள்கிறது.

இதைவிட விசித்திரமான ஒரு கட்டுப்பாடும் உண்டு. ‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்’ என்ற வாக்கியம் ஆங்கிலக் காதுக்கு உறுத்துகிறது, அவர் உயிரோடு இருப்பதுபோல் ஒலிக்கிறது என்று நோம் சாம்ஸ்கி சுட்டிக்காட்டினார். ஐன்ஸ்டைன் இறந்தது 1955இல். அதையே பிரின்ஸ்டனைப் பற்றிய வாக்கியமாகத் திருப்பி, ‘பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டைன்’ என்றால் உறுத்தல் போய்விடுகிறது. ஊர் இன்னும் இருக்கிறது அல்லவா! பன்னிரண்டு பேர் நிலவில் நடந்த கணக்குக்கு ‘ஹேவ்’ பொருந்துவதும், 2012இல் மறைந்த ஆம்ஸ்ட்ராங் ஒருவரைப் பற்றி மட்டும் சொன்னால் அது இடறுவதும் இதனால்தான்.

இங்கேதான் தமிழ் வேறு பாதையில் பிரிகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அரையாடைக்கு மாறினார். அந்த வீதியில் இன்று ஒருவர் ‘காந்தி இங்கே வந்திருக்கிறார்’ என்று சொன்னால், காந்தி உயிரோடு இருக்கிறாரா என்று எந்தத் தமிழரும் திகைக்கமாட்டார். ‘1921இல் வந்திருக்கிறார்’ என்று ஆண்டைச் சேர்த்தாலும் வாக்கியம் தடுக்காது. ஆங்கிலத்தில் ‘ஹேஸ்’ இரண்டு முறை அடிவாங்கும்: ஆள் இல்லை, ஆண்டும் சொல்லியாயிற்று.

காரணம், தமிழின் ‘-இருக்கிற’ வினை ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ செய்யாத ஒரு வேலையையும் செய்கிறது. காலையில் கதவைத் திறக்கிறார் ஒருவர். வாசல் நனைந்து கிடக்கிறது. ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறார். இரவெல்லாம் விழித்திருந்து மழையைப் பார்த்தவர் ‘மழை பெய்தது’ என்பார். கண்ணால் கண்டதற்கு ஒரு வடிவம். தடயத்தைப் பார்த்து ஊகித்ததற்கும், ஆவணத்தில் படித்து அறிந்ததற்கும் இன்னொரு வடிவம். ‘யாரோ என் பையைத் திறந்திருக்கிறார்கள்’ என்பவர் திறந்த கையைப் பார்க்கவில்லை. காந்தி மதுரைக்கு ‘வந்திருக்கிறார்’ என்பதும் சான்றை நம்பிச் சொல்வது. சான்று இன்றைக்கு இருக்கிறது, நிகழ்ச்சி எந்த ஆண்டில் நடந்தால் என்ன? அதனால் தேதி அங்கே இடைஞ்சல் இல்லை.

‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்ற வாக்கியத்தின் மேல் ஆசிரியரின் சிவப்பு மை விழும்போது, அடியில் கிடப்பது கவனக்குறைவு அன்று. வேறொரு நேர்த்தியான ஒழுங்கு. ஆங்கிலம் அந்த ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்று தனிப் பாத்திரம் வைத்திருக்கிறது. அல்லது ஊகமா காட்சியா என்று பார்க்காமல் ‘ரெயின்ட்’ என்று முடித்துவிடும்.

செய்தித்தாள் தமிழில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘அறிவித்துள்ளார்’, ‘உயிரிழந்துள்ளனர்’, ‘தெரிவித்துள்ளது’ என்ற ‘உள்ள’ வடிவங்கள் மெக்காலி சொன்ன சூடான செய்திக்கு ஏறத்தாழ அச்சான இணை. ஆனால் தமிழ்ச் செய்தியாளர் ‘அமைச்சர் நேற்று அறிவித்துள்ளார்’ என்று கூச்சமில்லாமல் எழுதலாம். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் ‘ஹேஸ் அனௌன்ஸ்ட் யெஸ்டர்டே’ வந்து நிற்கும்.

இரண்டு மொழியும் பிரியும் இடம் இன்னும் இரண்டு உண்டு. ‘பத்து வருஷமா இங்கேதான் இருக்கோம்’ என்பதில் தமிழுக்கு நிகழ்காலம் போதும். ‘வீ ஆர் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று அது மாறும்போது, கேட்பவர் ‘மொத்தம் பத்து வருடம் தங்க வந்திருக்கிறார்கள்போல’ என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அங்கே ‘ஹேவ் பீன்’ வேண்டும். இதில் தமிழர் தனியாக இல்லை. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பத்து வருடமாக வசிப்பதை நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். அடுத்தது ‘அவர் சென்னைக்குப் போயிருக்கிறார்’. இப்போது வீட்டில் இல்லை என்றும் கொள்ளலாம், முன்பு ஒருமுறை போய்வந்தவர் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் முதலாவதற்கு ‘ஹேஸ் கான்’, இரண்டாவதற்கு ‘ஹேஸ் பீன்’ என்று வேலியே போட்டிருக்கிறது.

வேர் வேறு என்பதால் கிளையும் வேறு. பழைய ஆங்கிலத்தில் இந்த அமைப்பு உடைமையைச் சொல்லத்தான் பிறந்தது: ‘பிடிபட்ட நிலையில் மீன் என்னிடம் இருக்கிறது’ என்பதுபோல. மீனுக்கு ஏற்ப எச்சவினையின் விகுதிகூட மாறியது. பிறகு கையில் வைத்திருப்பது என்ற பொருள் தேய்ந்து, செய்து முடித்தது என்ற பொருள் மட்டும் தங்கியது. அந்தத் தேய்மானம் எவ்வளவு என்பதை ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ காட்டுகிறது. தொலைத்ததை எப்படி ‘வைத்திருப்பது’? தமிழில் உடைமைக்கென்று ‘ஹேவ்’ போன்ற வினையே கிடையாது. ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்று இருத்தலை வைத்தே சமாளிக்கிறோம். நம் பெர்ஃபெக்ட் வடிவமும் ‘இரு’விலிருந்தே வந்தது. தேய்மானமும் அதே அளவு: விபத்தில் ஒருவர் ‘இறந்திருக்கிறார்’ என்கிறோம். இறந்தவர் எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

வருவது, போவது போன்ற வினைகளுக்கு ஆங்கிலமும் ஒரு காலத்தில் ‘இஸ்’ வைத்துக்கொண்டிருந்தது. ‘ஹி இஸ் கம்’ என்று எழுதிய தலைமுறைகள் உண்டு. இன்று மிஞ்சியிருப்பது ‘ஹி இஸ் கான்’ போன்ற எச்சங்கள்தான்.

‘ஹேவ்’ வைத்துக் கட்டிய பெர்ஃபெக்ட் வடிவம் பல ஐரோப்பிய மொழிகளில் ஒரே திசையில் நகர்ந்திருக்கிறது. இன்றைய நிகழ்ச்சிக்கு ஒரு வடிவம், ஒரு நாளாவது கடந்ததற்கு வேறு வடிவம் என்று பிரான்சில் 1660இல் வெளிவந்த போர்-ராயல் இலக்கணம் விதி சொன்னது. இன்றைய பிரெஞ்சுப் பேச்சில் அந்த இரண்டாவது வடிவம் இல்லை. பெர்ஃபெக்ட் வடிவமே எல்லா இறந்தகாலத்தையும் எடுத்துக்கொண்டது. மியூனிக் பக்கத்து ஜெர்மன் பேச்சிலும் இதே கதை. ‘நேற்று அவரை நான் பார்த்திருக்கிறேன்’ என்ற அமைப்பு பாரிசிலும் மியூனிக்கிலும் பிழையில்லாத அன்றாடப் பேச்சு. சென்னையில் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் போகிறது. இந்திய ஆங்கிலத்தை ஆராய்பவர்கள் இதை அதன் அடையாளங்களில் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தேர்வுத்தாள் திருத்துபவரின் கையில் இருப்பதோ பிரிட்டிஷ் அளவுகோல்.

அந்த அளவுகோலும் எல்லா இடத்திலும் ஒரே நீளமில்லை. ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று லண்டன்காரர் கேட்பதை அமெரிக்கர் பலர் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்பார்கள். ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ வந்தாலும் அவர்களுக்குச் சிம்பிள் பாஸ்ட் உறுத்துவதில்லை. ஆஸ்திரேலியா எதிர்த்திசையில் போகிறது. அங்கே காவல்துறையினர் ஊடகங்களுக்குக் குற்றச் சம்பவத்தை விவரிக்கும்போது, திருடன் உள்ளே வந்ததும் மிரட்டியதும் ஓடியதும் வரிசையாகப் பிரசென்ட் பெர்ஃபெக்டில் வருவதை மரி-ஈவ் ரிட்ஸ் என்ற மொழியியலாளர் ஆராய்ந்திருக்கிறார். இங்கிலாந்துக் கால்பந்து வீரர்கள் போட்டி முடிந்து கோல் அடித்த கதையைச் சொல்லும்போதும் இந்த வழக்கு தலைகாட்டும். அயர்லாந்தில் ‘ஐ’ம் ஆஃப்டர் ஈட்டிங்’ என்பது ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்று பொருள்படும்; ஐரிஷ் மொழியின் அமைப்பு ஆங்கிலச் சொற்களை உடுத்திக்கொண்டு வந்தது அது.

அப்பல்லோ 13 வீரர்கள் மூவரும் 1970 ஏப்ரல் 17 அன்று பசிபிக் கடலில் உயிரோடு இறங்கினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1995இல் வந்த ஹாலிவுட் படத்தில் லவலாக நடித்த டாம் ஹாங்க்ஸ் சொல்வது ‘ஹூஸ்டன், வீ ஹேவ் எ ப்ராப்ளம்’. ‘ஹேட்’ உதிர்ந்திருக்கிறது. விளக்கு எரிந்து அணைந்தபின் தயங்கித் தெரிவித்த செய்தி, திரையில் கண்ணெதிரே நிற்கும் ஆபத்தாகிவிட்டது. உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது படத்தின் வாக்கியத்தைத்தான்.

ஒலிப்பதிவில் உள்ள உண்மையான பேச்சைத் தமிழாக்குபவருக்கு ஆச்சரியம் ஒன்று காத்திருக்கிறது. ‘பிரச்சினை ஏற்பட்டிருக்கிறது’, ‘பெரிய சத்தம் கேட்டது’, ‘முன்பும் ஒருமுறை எகிறியிருந்தது’ என்று மூன்றும் மூன்றுக்கு நேராக வந்து அமரும். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் தேதியோ மணியோ சொல்லவில்லை. ‘ஏப்ரல் 13 இரவு 9.08க்கு’ என்று தலையில் சேர்த்து எழுதினால் ஆங்கிலத்தில் ‘வீ’வ்’ கழன்று விழும். தமிழில் ‘ஏற்பட்டிருக்கிறது’ அப்படியே நிற்கும். என்ன, வெடித்த கலத்துக்குள் இருந்தவரின் குரலாக இல்லாமல், பின்னாளில் பதிவேட்டைப் படித்துச் சொல்பவரின் குரலாகக் கேட்கும்.